டி.இ.சி. போன வழி

திருச்சி கே.கே. நகரில் மருந்துக் கடைக்குப் போய் டைஎத்தில்கார்பமசின் (டி.இ.சி.) என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார். ‘பானோசைட்’ என்று சொன்னால் போதும், கை தானாக அலமாரிக்குப் போகும். விடாத இருமல், இரவில் இளைப்பு, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எகிறியிருக்கும் ஈசினோபில் என்று வருபவர்களுக்கு எழுதப்படும் மாத்திரை. நம் வீடுகளில் அதற்கு ஈசினோபீலியா மாத்திரை என்றே பெயர். யானைக்கால் நோய்க்காகப் பிறந்தது அது என்பது வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. இரண்டும் சம்பந்தமில்லாத வேலைகளும் அல்ல. வெப்பமண்டல ஈசினோபீலியா என்பது யானைக்கால் நோயைத் தரும் அதே ஃபைலேரியாப் புழுவின் குஞ்சுகளைக் கண்டு நுரையீரல் அளவுக்கு மீறிக் கொதிப்பதுதான். (ஈசினோபில் ஏறினாலே இந்த நோய் என்று முடிவுகட்ட வேண்டாம், ஒவ்வாமையும் வயிற்றுப் புழுவும்கூட அதை ஏற்றும்.) சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் டி. ஜே. தனராஜ் இந்த மருந்தால் அந்த நோய் தீர்வதை 1958இல் விரிவாக எழுதினார்.

மாத்திரையின் பூர்வீகத்தைத் தேடினால் சென்னைக்கு வந்துதான் ஆக வேண்டும். எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினார், அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை அரங்கில் கதர் அணிந்ததால் அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்தார். மாமனாரின் உதவியும் காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையின் பணமும் அவரை பாஸ்டனுக்குக் கப்பலேற்றின. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவிக்கொண்டே ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார்.

படிப்பு முடிந்து, ஹார்வர்டில் உயிர்வேதியியலாளர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் கண்டார். அதைக் கொண்டே தசையின் ஆற்றல் கிடங்கான பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார். ஒரு மனிதருக்கு இது போதும். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

இங்கேதான் நம் மாத்திரை உருவாகிறது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் ஃபைலேரியா தொற்றுடன் திரும்பினார்கள். தஞ்சைக் கரையிலும் கேரளக் கரையிலும் பல தலைமுறையாகக் கால் வீங்கிக் கிடந்தவர்களுக்காக எந்தப் பெரிய மருந்து நிறுவனமும் அதுவரை அவசரப்பட்டதில்லை. சிப்பாயின் விரை வீங்கியதும் அவசரம் வந்தது. பருத்தி எலி என்ற காட்டெலியின் உடலில் வாழும் ஒரு ஃபைலேரியாப் புழுவை வைத்துக்கொண்டு சுப்பாராவ் குழுவினர் சேர்மம் சேர்மமாகச் சோதித்தார்கள். பைப்பரசின் குடும்பத்துச் சேர்மம் ஒன்று எலியின் ரத்தத்திலிருந்து புழுக் குஞ்சுகளைத் துடைத்தெடுத்தது. ஹெட்ராசன் என்று பெயரிட்டார்கள். அந்த வேலையில் முன்னணியில் நின்றவர் ரெட்ஜினல் ஹெவிட். 1947இலேயே போர்ட்டோ ரிகோ நோயாளிகளிடம் அது வேலை செய்த செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்துபோனார். இந்தியா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது 1995இல்.

மருந்து கிடைத்தாயிற்று. அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை.

1950இல் லண்டனில் ஃபிராங்க் ஹாக்கிங்கும் (இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை) துணைவர்களும் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். கண்ணாடிக் குழாயில் புழுக் குஞ்சுகளின் மேல் மருந்தை ஊற்றினால் அவை சாகாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. அதே மருந்தை எலிக்குக் கொடுத்தால் சற்று நேரத்தில் ரத்தத்தில் குஞ்சுகளைக் காணோம். கல்லீரலில் சிக்கி வெள்ளணுக்களுக்கு இரையாகியிருக்கின்றன. ஆகவே மருந்து புழுவைத் தொடுவதில்லை, உடலின் காவல் படையைத்தான் உசுப்பிவிடுகிறது என்ற எண்ணம் வேரூன்றியது. 2005இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் நைட்ரிக் ஆக்சைடு ஆக்கும் நொதி இல்லாத எலிகளில் மருந்து பலிக்காததைக் காட்டியபோது அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

இதற்கிடையே மாத்திரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. 1955இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. புழுக் குஞ்சுகள் இரவு பத்து மணிக்கு மேல்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும் என்பதால் சுகாதார ஊழியர்கள் நடுநிசியில் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தூங்குகிறவனை எழுப்பி ரத்தம் கேட்டால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹாக்கிங் வேறு வழி சொன்னார்: மருந்தை உப்பில் கலந்துவிடுங்கள். 1980களில் காரைக்காலில் அதைச் செய்து பார்த்தார்கள், பலன் இருந்தது. சீனா உப்பு வழியைப் பெரிய அளவில் பிடித்துக்கொண்டு, 2007இல் நோயை ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை வாங்கிவிட்டது. நாம் உப்பைக் கைவிட்டு மாத்திரைக்கே திரும்பினோம். எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

1990களில் புதுச்சேரி வி.சி.ஆர்.சி. (நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம்) ஆய்வாளர்கள் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோய் பரவல் இறங்கியது. அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது: கையில் வாங்கியவர்கள் எல்லாரும் விழுங்கவில்லை. ‘எனக்குத்தான் கால் வீங்கவில்லையே’ என்று மாடத்தில் வைத்துவிடுவார்கள். முன்பு சாப்பிட்டுக் காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தவர்கள் தொடவே மாட்டார்கள். உடம்பில் குஞ்சுகள் செத்ததன் அடையாளமே அந்தக் காய்ச்சல் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்பவர் இல்லை.

2020இல்தான் பழைய புதிர் உடைந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சவுரப் வர்மா, சுதன்வா காஷ்யப், ஆலன் ராபர்ட்சன், ரிச்சர்ட் மார்ட்டின் ஆகியோர் ப்ரூகியா மலாயி என்ற ஃபைலேரியாப் புழுவை எடுத்துக்கொண்டு அதன் தசைச் செல்களின் மின்னோட்டத்தை அளந்தார்கள். டி.இ.சி. பட்ட முப்பது நொடிக்குள் புழு விறைத்தது. மருந்து புழுவைத் தொடுவதில்லை என்று எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது பொய்த்துப் போனது. தசைச் செல்லின் சவ்வில் டி.ஆர்.பி. என்ற ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த வாசல்கள் இருக்கின்றன, முக்கியமானது டி.ஆர்.பி.-2. மருந்து அதைத் திறக்கிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்கிக்கொள்கிறது. அந்த வாசலுக்கான மரபணுவை அடக்கிய புழுக்களில் மருந்தின் வீச்சு குறைந்தது. பச்சை மிளகாயைக் கடித்தால் நம் நாக்கில் எரிச்சலை எழுப்பும் ஏற்பியும் இதே பெருங்குடும்பத்தில் ஒன்று; அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

ஆனால் விறைத்த புழு சுமார் நான்கு மணி நேரத்தில் மீண்டுவிடுகிறது. திறந்த வாசல் தானாக அடங்கிப்போகிறது. உடலுக்குள் அந்த இடைவெளியில் வெள்ளணுக்கள் வந்து குஞ்சுகளைப் பிடித்துக்கொள்கின்றன என்று கொண்டால் ஹாக்கிங் கண்டதும் தவறில்லை, அயோவாக்காரர்கள் கண்டதும் தவறில்லை. நிணநீர்க் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழும் தாய்ப் புழுக்களில் பல தப்பிவிடுகின்றன. ஒரு தடவை விழுங்கினால் போதாது, ஆண்டுதோறும் விழுங்க வேண்டும் என்பது அதனால்தான். வாசல் எது என்று தெரிந்ததால் இப்போது அதை நீண்ட நேரம் திறந்து வைக்கும் துணை மருந்தைத் தேட முடிகிறது. பூனைக்குப் புழு நீக்கக் கொடுக்கும் எமோடெப்சைடின் விளைவை டி.இ.சி. கூட்டுகிறது என்று அதே ஆய்வகம் ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

அந்த ஜோடி மருந்து மனிதர்களிடம் வர இன்னும் காலமாகும். யானைக்கால் நோயை ஒழிக்க இந்தியா வைத்திருக்கும் இலக்கோ 2027. அதுவரை கையில் இருப்பது சுப்பாராவின் மாத்திரைதான். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு உரியது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று, கூடவே அல்பெண்டசோல் ஒன்று. நீங்கள் இருக்கும் ஊரில் இந்த மருந்தோடு ஊழியர் வாசலுக்கு வந்தால், சாப்பிட்டுவிட்டு அவர் எதிரிலேயே விழுங்கிவிடுங்கள்.