பட்டியலின் எழுத்து: அவுட்லுக்கும் தண்டர்பேர்டும்

மின்னஞ்சல் பார்ப்பவரின் கண் பட்டியலில்தான் அதிகம் அலைகிறது. திறந்து படிக்கும் கடிதம் ஒன்றென்றால், அதற்கு முன் கண் மேய்ந்துவிட்டு வரும் வரிகள் முப்பது நாற்பது இருக்கும். கடிதத்தின் எழுத்தைப் பெரிதாக்க கன்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் போதும். பட்டியலின் எழுத்து அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. விண்டோஸில் நெடுநாளாகப் புழங்கிவரும் பழைய அவுட்லுக்கையும் தண்டர்பேர்டையும் இந்த ஒரு விஷயத்துக்காக அருகருகே வைத்துப் பார்த்தால், எதிர்பார்த்ததற்கு நேர்மாறான காட்சி கிடைக்கிறது.

மூடிய மென்பொருள் பயனரின் கையைக் கட்டும், திறந்த மென்பொருள் அவிழ்த்துவிடும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அவுட்லுக்கில் வியூ செட்டிங்ஸைத் திறந்து அதர் செட்டிங்ஸுக்குள் போனால், தலைப்புப் பட்டைக்குத் தனி எழுத்துரு, வரிகளுக்குத் தனி எழுத்துரு என்று பொத்தான்கள் காத்திருக்கின்றன. 8 பாயின்ட்டில் உள்ள சேகோ யூஐயை 11க்கு உயர்த்தலாம். எழுத்துருவையே மாற்றிவிடவும் செய்யலாம். தண்டர்பேர்டிலோ, 2023இல் சூப்பர்நோவா என்ற பெயருடன் வந்த 115ஆம் பதிப்பின் மூன்று கோட்டு மெனுவில், எழுத்தளவுக்கு ஒரு கூட்டல் குறியும் ஒரு கழித்தல் குறியும், வரி நெருக்கத்துக்கு மூன்று நிலைகளும் உள்ளன. அவ்வளவே. கூட்டலைத் தட்டினால் ஃபோல்டர் பெயர்கள், பட்டியல், மெனு எல்லாம் சேர்ந்தே வளர்கின்றன.

அவுட்லுக்கில் எழுத்தளவு ஃபோல்டருக்குச் சொந்தம். தண்டர்பேர்டில் அது ஆளுக்குச் சொந்தம். இன்பாக்ஸைப் பெரிதாக்கிவிட்டு நிம்மதியாக அனுப்பிய கடிதங்களுக்குப் போகும் அவுட்லுக் பயனர், அங்கே பழைய பொடி எழுத்தையே காண்பார். இந்தத் தோற்றத்தை மற்ற ஃபோல்டர்களுக்கும் பரப்பு என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தாக வேண்டும். தண்டர்பேர்ட் பயனருக்கு அந்த வேலை இல்லை. பார்வை மங்கியவருக்கு எல்லா ஃபோல்டரிலும் மங்கியேதான் இருக்கும் என்பதால், எனக்கு இதில் தண்டர்பேர்டின் வழியே சரியாகப் படுகிறது. ஆனாலும், ஒரே பார்வையில் ஐம்பது ரசீதுகளைப் பார்க்க விரும்புகிறவர் அந்த ஃபோல்டரை மட்டும் சிறிய எழுத்தில் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

அந்த ஒற்றைக் கூட்டல் குறியோடு திருப்தி அடையாதவருக்குத் தண்டர்பேர்ட் வேறொரு கதவைத் திறக்கிறது. புரொஃபைல் ஃபோல்டருக்குள் குரோம் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தோற்ற விதிகளை எழுதிவைக்கும் யூசர்குரோம் என்ற சிஎஸ்எஸ் கோப்பு. கூடவே கான்ஃபிக் எடிட்டரில் அதற்கு அனுமதி தரும் ஒரு மதிப்பை மாற்றிவிட்டு, நிரலை மூடித் திறக்க வேண்டும். பொத்தான் ஒன்றும் இல்லை, வெறும் கோப்புதான். பட்டியலின் வரிகளுக்கு நிபந்தனைப்படி தோற்றம் தரும் அவுட்லுக்கின் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் ஜன்னலோ முழுக்கப் பொத்தான்களால் ஆனது. பார்வைக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உள்ளே என்ன எழுதுகிறோம் என்று பார்த்தால்தான் உறவு தெரிகிறது. அவுட்லுக்கின் அந்த ஜன்னலில் ‘படிக்காத கடிதங்கள்’ என்ற விதி ஏற்கெனவே இருக்கும். அதைத் தேர்ந்து எழுத்துருப் பொத்தானை அழுத்தி 12 பாயின்ட், தடித்த எழுத்து என்று குறித்தால், படிக்காதவை மட்டும் பருத்து நிற்கும். படித்த கையோடு சுருங்கிவிடும். சிஎஸ்எஸ் கோப்பில் எழுதுவதும் இதையேதான்: படிக்காத வரி என்று அடையாளம் பெற்றவற்றைச் சுட்டு, அவற்றின் அளவைச் சொல். முதலில் நிபந்தனை, பிறகு தோற்றம். விதிகள் மோதும்போது எது வெல்லும் என்பதில் வரிசைக்குப் பங்கு இருப்பதும் இரண்டுக்கும் பொது. அவுட்லுக்கில் விதிகளை மேலும் கீழும் நகர்த்தும் பொத்தான்கள் அதற்காகவே இருக்கின்றன. எண்ணத்தில், அவுட்லுக் பயனர் தம்மை அறியாமலே சிஎஸ்எஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இழப்பிலும் இவை கூட்டாளிகள். அவுட்லுக் 2010இல் இடப்பக்க ஃபோல்டர் பட்டியலுக்கும் எழுத்துரு மாற்றும் பொத்தான் இருந்தது. 2013 பதிப்பின் மறுவடிவமைப்பில் அது காணாமற்போயிற்று. தண்டர்பேர்ட் 115இல் கடிதப் பட்டியலை அடியோடு புதிதாகக் கட்டியபோது, பழைய அமைப்பின் உறுப்புகளைப் பெயர் சொல்லிச் சுட்டிய சிஎஸ்எஸ் வரிகள் செயலற்றுப் போயின. ஒன்றில் பொத்தானே போயிற்று. மற்றதில் கோப்பு அப்படியே இருந்தது, அதன் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. இரண்டாவதையாவது உட்கார்ந்து திருத்தி எழுத முடிந்தது.

ஃபோல்டர் பட்டியலைப் பெரிதாக்க அவுட்லுக் பயனருக்கு எஞ்சியது விண்டோஸின் திரை அளவீடு. அதை 125 சதவீதம் ஆக்கினால் எக்செல், பிரவுசர், டாஸ்க்பார் எல்லாம் கூடவே பருக்கும். தண்டர்பேர்டின் கான்ஃபிக் எடிட்டரிலும் ஏறக்குறைய இதே கணக்கு இருக்கிறது: திரைப் புள்ளிகளின் விகிதத்தை 1.25 என்று எழுதினால், தண்டர்பேர்ட் மட்டும் பருக்கும். 1.2 எழுதப்போய் 12 என்று எழுதிவிட்டால் ஜன்னலில் எதையும் சொடுக்க முடியாது. நிரலை மூடிவிட்டு, புரொஃபைலில் உள்ள அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த வரியை அழிக்க வேண்டியிருக்கும்.

தமிழில் பொருள் வரிகள் வருகிறவருக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு பகுதியும் உண்டு. சேகோ யூஐயில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே இன்றைய விண்டோஸில் இரு நிரல்களும் பட்டியலின் தமிழ் வரிகளுக்கு நிர்மலா யூஐயைக் கடன் வாங்குகின்றன. 8 பாயின்ட்டில் மெய்யின் புள்ளி தேய்ந்துபோகிறது. இகரச் சுழியா ஈகாரச் சுழியா என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் தமிழுக்கென்று தனி அளவு வைக்கும் எளிய வசதி இரண்டிலும் இல்லை. கடித உடலில் மட்டும் தண்டர்பேர்ட் ஒரு படி முன்னே நிற்கிறது: எழுத்துருக்களின் அட்வான்ஸ்டு ஜன்னலில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனி அளவு தரலாம், அந்த வரிசையில் தமிழும் இருக்கிறது. ஆனால் அங்கே தமிழை 20 ஆக்கியும் வந்த கடிதம் அசையவில்லை என்றால் அமைப்பில் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. யுனிகோடில் வரும் கடிதங்களுக்கு அளவு, அதே வரிசையில் ‘அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ்’ என்ற பெயரின் கீழ் இருக்கிறது. 20ஐ அங்கே எழுத வேண்டும்.