ஒப்பாரி வைத்த பெண்கள்

கினோஷிதாவின் 'இருபத்து நான்கு கண்கள்' (1954) என்ற ஜப்பானியப் படம் போர்க்களத்துக்கே போகாது. கணவனையும் தன்னிடம் படித்த பையன்களையும் போருக்குக் கொடுத்துவிட்டு எஞ்சி நிற்கும் ஓர் ஆசிரியையோடுதான் இருக்கும். நம்முடைய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) கயத்தாற்றுத் தூக்கோடு முடிந்துவிடும். பெண்களின் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது.

1801 பிப்ரவரியில், தாமிரபரணிக் கரையிலுள்ள பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடிபட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். மே 24 அன்று கும்பினிப் படை அதைப் பிடித்தது. அந்தப் படையிலிருந்த வெல்ஷ், பின்னர் 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில், களத்துக்கு மகனைத் தேடி வந்த ஒரு தாயைப் பற்றி எழுதுகிறார். மகன் குற்றுயிராய்க் கிடந்தான். தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான். சாமி என்றது ஊமைத்துரையை. அவளும் கூட வந்தவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு செத்த பையன் என்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

ராஜவிசுவாசம் என்று இதைப் பாராட்டிப் பழகிவிட்டோம். எனக்கு அந்த ஒப்பாரிதான் உறுத்துகிறது. மகனுக்காக வரவேண்டிய அழுகை உயிரோடிருந்த வேறொருவருக்குப் போனது. (அதைப் பொய்யழுகை என்று யார் சொல்வது?) வெல்ஷின் பக்கங்களில் அவளுக்குப் பெயரில்லை.

நவம்பர் 16 அன்று ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். மகனை விட்டுவிட்டு அவள் காத்த உயிர் ஆறு மாதம்கூட இருக்கவில்லை.