பிடி அரிசியும் ஒரு மைதானமும்

கடலூர், சிதம்பரம் பக்கம் ஏதாவது ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். வகுப்பறைச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கும். பீரோ, கடிகாரம், ஃபேன் இறக்கை என்று எதையும் விட்டுவைக்காமல் 'உபயம்' எழுதி வைத்திருப்பார்கள் நம் ஆட்கள்! அப்படியே பின்பக்கம் மைதானத்துக்கு வாருங்கள். அங்கே அநேகமாக யார் பெயரும் இருக்காது. கருவேல முள்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு வாரிக் கொடுத்த ஊர், மைதானத்தை மட்டும் ஏன் மறந்தது? விடை தேட, கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

1864. யாழ்ப்பாணம் நல்லூர்க்காரரான ஆறுமுக நாவலர், சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1848-லேயே வண்ணார்பண்ணையில் இதே பெயரில் பள்ளி நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. மிஷனரிப் பள்ளிகளுக்குக் கடல் தாண்டிப் பணம் வந்தது. நாவலருக்கு யார் அனுப்புவார்கள்? சைவ அன்பர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் நடத்தினார். இன்றும் சிதம்பரத்தில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது.

ஆனால், 'ஊர் கூடி' என்று சொல்கிறோமே, அந்த ஊரில் அன்றைக்குச் சேரி சேர்த்தி இல்லை. அதற்குப் பதில் சொல்ல ஒருவர் வரவேண்டியிருந்தது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த சுவாமி சகஜானந்தா, 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அவரும் நன்கொடை திரட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நந்தன் வாசலில் நின்றதாகச் சொல்லப்படும் அதே ஊரில், நந்தன் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூட வாசல் திறந்தது!

இப்போது தெற்கே விருதுநகர் வரை ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம். அங்கே 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கிப் பிடித்தது எது தெரியுமா? பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதை வீடு வீடாகச் சேகரித்து, காசாக்கி, பள்ளிக்குக் கொடுப்பார்கள். அந்தப் பள்ளியில் படித்த பையன்களில் ஒருவர்தான் காமராஜர்.

அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-ல், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது. முதல் மாநாடு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். இதன் சூத்திரதாரி, கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. திட்டம் ரொம்ப எளிமை. பள்ளிக்கு என்ன தேவை என்று ஊரே உட்கார்ந்து பட்டியல் போடவேண்டும். கட்டடம், நாற்காலி, குடிநீர், மைதானம், விளையாட்டுச் சாமான்... யாரால் எது முடியுமோ அதை ஏற்றுக்கொள்ளலாம். காசு இல்லையா? மண்வெட்டியோடு வரலாம். தமிழ்நாடு முழுக்கப் பரவியது இந்த இயக்கம்.

சரி, அப்புறம் மைதானம் ஏன் முள்காடானது?

கட்டடத்தை ஒரு தடவை கட்டினால் நிற்கும். கொடுத்தவர் பெயரும் கூடவே நிற்கும். மைதானம் அப்படியல்ல. ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் விழும். முள் வெட்டணும், மண் நிரவணும், கோடு போடணும், கிழிந்த வலையை மாற்றணும். அதுவும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் மாறி மாறி வந்து போகும் கடலூர் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். மைதானத்துக்குத் தேவை ஒரு நாள் செக் அல்ல. தினம் தினம் விழுகிற பிடி அரிசி!

அப்படி என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள், மணிப்பூரை வீழ்த்தி முதன்முறையாகத் தேசிய சீனியர் கால்பந்துப் பட்டத்தை வென்றார்கள். அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன், இந்தியாவுக்காகவும் ஆடியவர். அவர் கடலூர்ப் பெண். இன்னொரு இந்துமதி எந்த முள்காட்டு ஓரத்தில் நிற்கிறாளோ, யார் கண்டது?

2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி என்றால் விளையாட்டு மைதானமும் வேண்டும் என்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கூடத் தன் அரசுப் பள்ளிக்குக் கொடுக்க வழி செய்திருக்கிறது. 1958-ன் பட்டியல், இப்போது கம்ப்யூட்டர் திரையில்!

எனவே, அடுத்த முறை நீங்கள் படித்த பள்ளிக்குப் போனால், "ஃபேன் வேணுமா சார்?" என்று கேட்காதீர்கள். "மைதானத்தைப் பராமரிக்க வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். நாலு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, வருஷம் தவறாமல் அதைக் கொடுங்கள். கல்வெட்டில் பெயர் வராது. பரவாயில்லை... பிடி அரிசி போட்ட பெண்களின் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.