கைமாறிய மோட்டார் சைக்கிள்: முதலில் பத்திரம், பிறகு என்ஜின்

வன்னியில் பஸ் ஓடாத உள்வீதிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், கிளினிக் போகவும், மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் மோட்டார் சைக்கிள் வேண்டும். புதியது வாங்க எல்லோராலும் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழையவற்றின் விலையும் ஏறிப்போனது. செய்தி சேகரிக்க ஊர் ஊராகப் போகும் நானும் கைமாறிய மோட்டார் சைக்கிளில்தான் ஓடுகிறேன். வாங்கியும் விற்றும், கராஜ் வாசல்களில் காத்து நின்றும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

உங்களுக்கு ஏற்றது எது?

முதலில் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி பெப் 100 சிசிக்குள் அடங்கும். 110 சிசி டியோ அடங்காது.

அடுத்தது வீதி. சிறிய சில்லுள்ள ஸ்கூட்டர் தார் வீதிக்கு நல்லது. கிடங்கு விழுந்த கிரவல் வீதியிலும் மணலிலும் தடுமாறும். தினமும் அப்படிப் போகிறவர்களுக்கு 100 அல்லது 125 சிசி சாதாரண மோட்டார் சைக்கிள் பொருந்தும். இருக்கையில் அமர்ந்து இரண்டு பாதங்களையும் நிலத்தில் ஊன்றிப் பாருங்கள். நிறுத்தி வைத்துத் தனியே பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். முடியாவிட்டால் அது உங்களுக்குப் பாரம்.

போரில் காயப்பட்டவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சாதாரண மோட்டார் சைக்கிளில் இடது காலால் கியர் மாற்ற வேண்டும், வலது காலால் பின் பிறேக் பிடிக்க வேண்டும். காலில் பாதிப்புள்ளவருக்கு ஸ்கூட்டர் வசதி: கியர் மாற்றும் வேலை இல்லை, இரண்டு பிறேக்கும் கையில் இருக்கும். இடது கையில் பலம் குறைந்தவருக்குக் கிளச் பிடிப்பதுதான் சிரமம். கால் நன்றாக இருந்தால் பழைய எம்.டி. 90 போன்றவை உதவும். அவற்றில் கிளச் லீவர் இல்லை.

ஓப்பன் பேப்பர் வேண்டாம்

பதிவுச் சான்றிதழில் உள்ளவர் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்த வெற்றுப் படிவத்தோடு நாலைந்து பேர் கைமாறி வருவதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறோம். விலை சற்றுக் குறையும். ஆனால் சட்டப்படி வாகனம் உங்களுடையது அல்ல.

2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் ஒதுக்கினார்கள். தருமபுரம் பக்கம் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா அந்த 4 லீற்றருக்காகவே முன்னைய உரிமையாளரைத் தேடி அலைந்தார். வாகன இலக்கம் அவருடைய தொலைபேசியில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அவரோ ஊரில் இல்லை.

எங்கள் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சான்றிதழில் உள்ளவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். அது அவர்களின் முடிவு. ஆனால் அந்த வாகனத்தை வெற்றுக் கையெழுத்தோடு வாங்கினால், நாளை விபத்தோ பொலிஸ் விசாரணையோ வரும்போது அந்தக் குடும்பத்தின் கதவுதான் முதலில் தட்டப்படும். பெயர் முறையாக மாறிய பிறகே வாங்குங்கள்.

சான்றிதழில் 'முழுமையான உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். "இரண்டு தவணைதான் மிச்சம்" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் காசு கொடுத்தால் வாகனமும் போகும், காசும் போகும். சந்தேகமென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். செசி, என்ஜின் இலக்கங்களைத் துடைத்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுரண்டிய அடையாளம் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது; செலவு பெரிது.

ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளம் போல ஒன்றில் மூழ்கி எழுந்ததாக இருக்கலாம். கடற்கரைப் பகுதி வாகனங்களில் டாங்கியின் உட்புறம், சைலன்சர், செசியின் அடிப்பக்கம் ஆகியவற்றில் துரு பாருங்கள்.

மீற்றரைத் திருப்பி வைக்கலாம். கால் மிதியின் றப்பரும் பிறேக் மிதியும் தேய்ந்திருக்க, மீற்றர் மட்டும் 15,000 காட்டினால் நம்பாதீர்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பின் பற்சில்லில் செயினை வெளியே இழுத்துப் பாருங்கள். பல் தெரியுமளவுக்கு விலகினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

யாரையாவது நேராக ஓடச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு சில்லும் ஒரே கோட்டில் போகாவிட்டால் விழுந்து செசி வளைந்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

காசு கொடுக்கும்போது

அடையாள அட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் தொகையோடு திகதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அதற்கு முந்திய குற்றமும் விபத்தும் உங்கள் கணக்கில் வராமலிருக்க அந்த நேரம் உதவும். வருமான அனுமதிப்பத்திரம் நடப்பு ஆண்டுக்கு உரியதா என்று பாருங்கள். காப்புறுதியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கணவரோ மகனோ ஓடுவதற்காக என்றாலும், காசு போடும் பெண் தன் பெயரிலேயே பதிவதில் தவறில்லை. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு அது ஒரு சொத்து. பெயர் மாற்றும் நாளை ஒத்திவைக்காதீர்கள். முடிந்தால் விற்றவரும் நீங்களும் அதே கிழமையில் ஒன்றாகவே போய் அலுவலை முடித்துவிடுங்கள்.