ஜாவர் என்றொரு ஊர் இல்லை



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டலூர் வீட்டில் பேரன் யூடியூபில் 'சந்திரலேகா' முரசு நடனம் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, இது கிராபிக்ஸா?" என்றான். 1948-இல் ஏதப்பா கிராபிக்ஸ்! நானூறு பேர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஆடியது என்றேன். "யாரு எடுத்தது?" என்றான். எஸ்.எஸ்.வாசன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு உறுத்தியது.

பணமும் துணிச்சலும் வாசனுடையவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அரங்கத்தை அமைத்தவர் ஏ.கே.சேகர். ஒளிப்பதிவு கமால் கோஷ். அதே படத்துக்காக ஜெமினியில் உழைத்து, படம் வெளிவருமுன்னே 1947-இல் விலகிப்போனவர் கே.ராம்நாத். 1930-களில் வேல் பிக்சர்ஸ் காலத்திலிருந்தே சேகரும் அவரும் சேர்ந்து தொழில் செய்தவர்கள். இன்று ஜெமினி பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

திருவனந்தபுரத்துக்காரரான ராம்நாத், ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி' (1951) அவர் இயக்கியதுதான். பேய் வருகிறது என்று தணிக்கைக்காரர்கள் அதற்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். தமிழில் அதுதான் முதல் 'ஏ' படம். இன்றைய பிள்ளைகள் அந்தப் பேயைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

அதற்கு முந்தைய வருடம், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவுக்காக 'ஏழை படும் பாடு' எடுத்தார். விக்டர் ஹ்யூகோவின் நாவல். சுத்தானந்த பாரதியார் அதே பெயரில் தமிழாக்கியிருந்தார். நாகையா கதாநாயகன். அவரை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவர் வேடத்தில் சீதாராமன். நடிப்பு அப்படிப் பொருந்திவிட்டதால் கடைசிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன்தான்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜாவர் என்பது அவருடைய சொந்த ஊர் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். அப்போது என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள், மன்னித்தும் விடுங்கள்.

நடிகருக்குக் கதாபாத்திரத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இயக்கியவர் பெயர்தான் மறந்துபோனது. ராம்நாத் 1956-இலேயே காலமாகிவிட்டார், நாற்பதுகளின் நடுவில்.

பேரனை மறுபடி கூப்பிட்டு மூன்று பெயர்களையும் சொன்னேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தாத்தா" என்றான்.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் பழைய ஸ்டுடியோக்களில் லைட்பாயாகவோ தச்சராகவோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கீழே எழுதுங்கள். அவர்கள் பெயரோடு எழுதுங்கள்.