கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: பழி யாருக்கு?



ஒருநாள் மருத்துவ உரை ஒலிபரப்பாகி முடிந்ததும் ஒரு தாயார் கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, என்ரை தங்கச்சிக்குக் கருப்பைக் கழுத்திலை புற்றுநோய். ஒழுக்கமாய் வாழ்ந்தவள். சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. ஏன் அவளுக்கு வந்தது?" என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன், கணக்காளன். ஆனால் அவருடைய கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1842இல் இத்தாலிய மருத்துவர் றிகோனி-ஸ்ரேர்ன், வெறோனா நகரின் 1760 முதல் 1839 வரையான மரணப் பதிவுகளைக் கணக்கெடுத்தார். கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் மணமான பெண்களே அதிகம், கன்னியாஸ்திரிகள் குறைவு. பின்னாளில் இந்நோய் உடலுறவோடு தொடர்புபட்டது என்ற எண்ணம் வலுத்தது. கூடவே பழிச்சொல்லும் வந்தது.

1983இல், நாங்கள் வாழும் இந்த ஜேர்மனியில், ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு இப்புற்றுநோய்க் கட்டிகளில் எச்.பி.வி. 16 என்ற வைரசைக் கண்டுபிடித்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கணக்கு இன்னும் நேராகவில்லை. எச்.பி.வி. வைரஸ் குடும்ப வாழ்வில் உள்ள பெரும்பாலானோருக்கு எப்போதாவது தொற்றுகிறது. ஒரே கணவருடன் வாழ்ந்தவருக்கும் தொற்றலாம். அநேகருக்கு இரண்டு வருடங்களுக்குள் தானாகவே நீங்கிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் ஏன் தங்கிவிடுகிறது?

1991இல் மூன்சன் நகர ஆய்வாளர்கள் வாங்க், தொம்சன் ஆகியோர் ஒரு விடை தந்தனர். எச்.எல்.ஏ. எனப்படும் நிர்ப்பீடன மரபணுக்களில் டி.கியூ. 3 என்ற வகை இந்நோயாளரிடம் கூடுதலாக இருந்தது. இந்த மரபணுக்கள் ஆக்கும் புரதங்கள், வைரசின் துண்டுகளைக் கலத்தின் மேற்பரப்பில் வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. எங்கள் தொழிலில் சொன்னால், கணக்காய்வாளரிடம் பற்றுச்சீட்டை நீட்டுவது போல. சீட்டைச் சரியாகக் காட்டாவிட்டால் களவு பிடிபடாது. அடுத்து வந்த ஆய்வுகளில் சில ஒத்துக்கொண்டன, சில மறுத்தன. 2013இல் சுவீடனில் மரபணுத் தொகுதி முழுவதையும் தேடிய ஆய்வும் 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள இதே பகுதியையே சுட்டியது. ஆபத்தைக் கூட்டும் வகைகளும் உண்டு, காக்கும் வகைகளும் உண்டு.

மரபணு மட்டும் காரணமல்ல. புகைத்தலும், நோயெதிர்ப்புச் சக்தி குன்றுவதும் ஆபத்தைக் கூட்டும். ஆனால் தாயும் தகப்பனும் தந்த மரபணுவை எவரும் தெரிந்தெடுப்பதில்லை. அதில் ஒழுக்கக் கணக்கு எழுத இடமில்லை. இதைத்தான் அந்தத் தாயாருக்குச் சொன்னேன்.

உங்களுக்கு எந்த வகை என்று தேட வேண்டியதில்லை, பரிசோதனைக்குப் போனால் போதும். தொற்று புற்றாக மாறப் பல வருடங்கள் எடுக்கும். இங்கே 20 முதல் 34 வயதுவரை வருடமொருமுறை கலப் பரிசோதனையும், 35 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கொருமுறை கலப் பரிசோதனையும் வைரஸ் பரிசோதனையும் செய்கிறார்கள். செலவைப் பொது மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. 9 முதல் 14 வயதுவரையான பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தடுப்பூசியும் உண்டு.

கூச்சத்தை விட்டு உங்கள் தாயாரிடமும் சகோதரிகளிடமும் கேளுங்கள்: "கடைசியாக எப்ப பரிசோதிச்சனீங்கள்?"