பெரிய மின்பகுளி மின்தேக்கியை அளத்தல்: வரலாறும் வீட்டு முறையும்

மின்பகுளி மின்தேக்கி என்பது அலுமினியத் தகட்டின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தை மின்காப்பாகக் கொண்ட மின்தேக்கி ஆகும். பழுதுபார்ப்போர் இதைக் 'கண்டன்சர்' என்பர். சங்கராபுரம் போன்ற ஊர்களில் திருவிழாக்களுக்கு வாடகைக்குப் போகும் ஆம்ப்ளிஃபயர்களில் 10,000 மைக்ரோஃபாரடு மின்தேக்கிகள் இருப்பதுண்டு. ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல் கேட்டால், அவற்றின் மின்தேக்குதிறன் குறைந்திருக்கலாம். சிறிய மல்டிமீட்டர்கள் பல இவ்வளவு பெரிய மதிப்பை நேரடியாகக் காட்டுவதில்லை.

வரலாறு

முதல் மின்தேக்கியான லைடன் சாடியை 1745-இல் கிளைஸ்ட்டும் 1746-இல் மூசன்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்தனர். பிரித்தானியக் கடற்படை 1937 வரை 'சாடி' என்பதையே அலகாகக் கொண்டிருந்தது. 1770-களில் கேவண்டிஷ் மின்தேக்குதிறனை உலோகக் கோளத்தோடு ஒப்பிட்டு அங்குலக் கணக்கில் குறித்தார். 1881-இல் பாரிசு மாநாடு ஃபாரடு அலகை ஏற்றது. 1896-இல் போலந்து நாட்டவரான போலக் அலுமினிய மின்பகுளி மின்தேக்கிக்குக் காப்புரிமை கோரினார். இந்தியாவில் கெல்ட்ரானின் கண்ணூர்த் தொழிற்சாலை இவற்றைத் தயாரித்து வருகிறது.

நேரத்துக்கும் மின்தேக்குதிறனுக்கும் உள்ள தொடர்பைக் கடலடித் தந்தி உணர்த்தியது. நீண்ட வடம் தானே ஒரு மின்தேக்கியாகி, குறிப்புகளைத் தாமதப்படுத்தும் என்பதை 1850-களில் வில்லியம் தாம்சன் கணக்கிட்டுக் காட்டினார். 1870-71-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இடப்பட்ட வடம் 1,200 கடல் மைலுக்கும் கூடுதலானது. அக்கால வடங்களில் மைலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மைக்ரோஃபாரடு இருந்தது. எனவே வடம் முழுவதற்கும் சில நூறு மைக்ரோஃபாரடுதான். இன்று அது விரல் அளவு மின்தேக்கியில் அடங்கிவிடும்.

வீட்டில் அளக்கும் முறை

முதலில் மின்தேக்கியைக் கருவியிலிருந்து கழற்றி, மின்னிறக்கம் செய்ய வேண்டும். 63 வோல்ட்டில் 10,000 மைக்ரோஃபாரடு ஏறத்தாழ 20 ஜூல் ஆற்றலைத் தேக்கும். திருப்புளியால் முனைகளை இணைத்தால் தீப்பொறி பறக்கும். உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கலாம். 1 கிலோஓம், 5 வாட் மின்தடையத்தை ஒரு நிமிடம் இணைத்து, மின்னழுத்தம் சுழியானதைச் சரிபார்க்க வேண்டும்.

பின்னர் 9 வோல்ட் மின்கலம், 10 கிலோஓம் மின்தடையம், மின்தேக்கி ஆகியவற்றைத் தொடராக இணைக்க வேண்டும். நேர், எதிர் முனைகள் மாறக்கூடாது. இணைத்த நொடியிலிருந்து, மின்தேக்கியின் மின்னழுத்தம் மின்கலத்தினதில் 63.2 விழுக்காட்டை, அதாவது 5.7 வோல்ட்டை, எட்டும் வரை நேரத்தைக் குறிக்க வேண்டும். இந்நேரத்தை மின்தடையால் வகுத்தால் மின்தேக்குதிறன் கிடைக்கும். 100 நொடி ஆனால், 100 ÷ 10,000 = 0.01 ஃபாரடு, அதாவது 10,000 மைக்ரோஃபாரடு. 60 நொடியே ஆனால் 6,000 மட்டுமே. மின்தேக்கியை மாற்றுவது நல்லது.

பல நிமிடங்கள் கழித்தும் மின்னழுத்தம் 9 வோல்ட்டை நெருங்காவிட்டால் மின்கசிவு உண்டு என்று பொருள். அப்போது மேற்கண்ட கணக்கு பொருந்தாது. உள் மின்தடை கூடிய பழுதையும் இம்முறை காட்டாது. ஆகவே, அளவு சரியாக வந்தாலும் மின்தேக்கி முற்றிலும் நலமாக உள்ளது என்று முடிவு செய்யக்கூடாது.